தாசில்தார் வருகிறார்!

"அண்ணே, மாடியில யாரோ நடக்கறாங்க!"

ராத்திரி ஒன்றரை மணிக்கு அண்ணன் ரூம் கதவைத் தட்டி நான் சொன்னது இது. ஆஸ்திரேலியாவில் எனக்கு அது முதல் ராத்திரி. வெளியே மைனஸ் இரண்டு டிகிரி. உள்ளே இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், மேலே இரண்டு கம்பளியோடு நான். என் தலைக்கு நேர் மேலே சீலிங்கில் தட்... தட்... தட்... என்று காலடிச் சத்தம். அப்புறம் யாரோ பழைய ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி ஒரு உறுமல்.

இன்னொரு சமாசாரம். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

அண்ணன் கதவைக்கூடத் திறக்கவில்லை. "அது மேல் போர்ஷன்காரர்டா. வாடகை தர மாட்டார். போய்ப் படு" என்றார் உள்ளேயிருந்தே.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். கான்பெராவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் கிழக்கே போனால் பிரெய்ட்வுட் என்று ஒரு பழைய காலத்து ஊர். அதையும் தாண்டி, தார் ரோடு முடிந்து மண் ரோடும் முடிகிற இடத்தில் 2014-ல் அறுபது ஏக்கர் வாங்கிப் போட்டார். ஊரில் செய்தி பரவியதும் பெரியம்மா, "அறுபது ஏக்கரா! நெல்லா, கரும்பா?" என்று கேட்டாள். "யூகலிப்டஸ் மரமும் பாறையும்" என்று பதில் வந்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

நானோ கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் அரை கிரவுண்ட் வாங்குவதற்காக நாலு வருஷமாக வில்லங்க சர்டிபிகேட்டோடு அலைகிற ஆசாமி. அறுபது ஏக்கர் வைத்திருப்பவன் எப்படித்தான் இருப்பான், பார்த்துவிட்டு வரலாம் என்று ஆபீசில் பத்து நாள் லீவ் போட்டு 2025 ஆகஸ்ட்டில் கிளம்பினேன். (மேனேஜர் கேட்ட கேள்வி: "ஆடி மாசத்துல எவனாவது குளிர்ல போய் உட்காருவானா?" அங்கே ஆகஸ்ட்டில் குளிர்காலம் என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார். எனக்குத்தான் தெரியாது.)

காலையில் காபியோடு அண்ணி விளக்கம் சொன்னார். மேல் போர்ஷன்காரர் ஒரு பிரஷ்டெயில் பாஸம். பூனை சைஸ், புசுபுசு வால், முட்டைக் கண். மரப் பொந்தில் இருக்க வேண்டிய ஜீவன், பொந்து கிடைக்காவிட்டால் கூரைக்குள் குடியேறிவிடும்.

"பிடிச்சுக் கொண்டு போய் தூரமா விட்டுட வேண்டியதுதானே அண்ணி?"

"விட முடியாது தம்பி. பிடிக்கவே லைசென்ஸ் வேணும். அப்படியே பிடிச்சாலும் அன்னிக்கு சாயங்காலமே, பிடிச்ச இடத்துலேர்ந்து 150 மீட்டருக்குள்ள விட்டுடணும். இதான் இந்த ஸ்டேட் சட்டம். தூரமா விட்டா அங்க ஏற்கெனவே இருக்கற பாஸம் சேர்க்காது, செத்துப் போயிடும்."

நூற்றைம்பது மீட்டர்! விட்டுவிட்டு நாம் திரும்பி நடந்து வருவதற்குள் அது நமக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருக்கும். சென்னையில் எந்த வாடகைதாரருக்கும் இப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. இதே பாஸத்தை 19-ம் நூற்றாண்டில் ரோமத்துக்காக நியூசிலாந்துக்குக் கொண்டு போய் விட்டார்கள். அங்கே அது காட்டையும் பறவை முட்டைகளையும் தின்று தீர்த்து, இன்றைக்கு அரசாங்கமே ஒழிக்க நினைக்கும் எதிரி. கடல் தாண்டினால் மரியாதை போய்விடும் என்று பாட்டி சொன்னது பாஸத்துக்கும் பொருந்தும் போல.

"இன்னொண்ணு தம்பி... செருப்பை வராந்தாவுல விடாதீங்க" என்றார் அண்ணி.

"ஏன், திருடு போயிடுமா?"

"திருடு போகாது. தாசில்தார் சீல் வச்சிடுவார்."

எனக்குப் புரியவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே என்னை வெளியே கூட்டிப் போனார்.

வெளியே புல் முழுக்க வெள்ளை வெளேர் என்று உறைபனி. நடுவில் நாற்பது கங்காருவாவது இருக்கும். சாம்பல் நிறம். எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. கல்யாண மண்டபத்துக்குள் லேட்டாக நுழைகிறவனைப் பந்தியே திரும்பிப் பார்க்குமே, அதே பார்வை. ஒரு தாயின் வயிற்றுப் பையிலிருந்து இரண்டு நீளக் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிறக்கும்போது அது அவரைக் கொட்டை அளவுதானாம், ஒரு கிராம்கூட இருக்காது. கண் திறக்காத அந்த அவரைக் கொட்டை, யார் துணையும் இல்லாமல் தாயின் ரோமத்தைப் பிடித்து ஏறிப் பைக்குள் போய்ச் சேருகிறது. கிட்டத்தட்ட பதினோரு மாசம் அங்கேயே வாசம். அப்புறம் வெளியே வந்தாலும் பசித்தால் தலையை உள்ளே விட்டுக்கொள்ளும். முப்பது வயசு வரை அம்மா கையால் சாப்பிட்ட நான் இதில் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் ஒரு பாறையைக் காட்டினார். உச்சியில் நாலு கட்டிகள். கரும் பச்சை, சதுரம் சதுரமாக, தாயக் கட்டை மாதிரி.

"இதான் சீல்" என்றார்.

வாம்பட் என்ற பிராணியின் சாணம் அது! உலகத்தில் சதுரமாகப் போகிற ஒரே ஜந்து இதுதான். ஒரு ராத்திரிக்கு எண்பதிலிருந்து நூறு கட்டி. இது எப்படி சாத்தியம் என்று விஞ்ஞானிகளே மண்டையை உடைத்துக்கொண்டு, குடலின் கடைசிப் பகுதி சில இடத்தில் விறைப்பாகவும் சில இடத்தில் தொளதொளப்பாகவும் இருப்பதால்தான் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு 2019-ல் 'இக் நோபல்' பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தருகிற பரிசு அது.

வாம்பட் தன் எல்லையில் பாறை, கட்டை, மேடு என்று எடுப்பான இடமாகப் பார்த்து சீல் வைத்துவிட்டுப் போகும். மாலையானால் வெளியே வந்து, தொப்பையைத் தூக்கிக்கொண்டு, இடம் வலம் பார்க்காமல் எல்லை சுற்றும். பேர் பொருத்தம் பார்த்தீர்களா? தாசில்தார் என்று வைத்தது அண்ணி.

ஆள் பார்ப்பதற்குப் பன்றிக்கும் கரடிக்கும் நடுவில் ஒரு உருட்டல். முப்பது கிலோ. குட்டைக் கால். ஆனால் ஓட ஆரம்பித்தால் மணிக்கு நாற்பது கிலோமீட்டர். பெண்ணுக்கு வயிற்றுப் பை பின்பக்கம் பார்த்துத் திறக்கும், வளை தோண்டும்போது குட்டியின் முகத்தில் மண் விழக் கூடாது என்று. எதிரி துரத்தினால் வளைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, பாறை மாதிரி கெட்டியான பின்பக்கத்தால் வாசலை அடைத்துவிடும். பிரச்னை வந்ததும் பின்பக்கத்தைக் காட்டி வழியை அடைத்துக்கொள்வது எந்த ஆபீஸை ஞாபகப்படுத்துகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

"சாயங்காலம் வருவாரா? போட்டோ எடுக்கணும்" என்றேன்.

அண்ணன் முகம் மாறியது. "இப்பல்லாம் பகல்லயே வர்றாருடா. அதான் பிரச்னை."

பகல் மூணு மணிக்கு நானே பார்த்தேன். வேலி ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தார். பத்தடி தூரம் வரை போயும் அவருக்குத் தெரியவில்லை. போட்டோ எடுக்க போனைத் தூக்கியவன் அப்படியே இறக்கிவிட்டேன். விலாவில் ரோமமே இல்லை. தோல் தடித்து, வெடித்து, காய்ந்த வண்டல் மண் மாதிரி பாளம் பாளமாக இருந்தது. காதுகளைச் சுற்றிப் பொருக்கு. கண்களும் பாதி மூடியிருந்தன. இரண்டு வாய் புல், பின்னங்காலைத் தூக்கிச் சொறிதல். மறுபடி இரண்டு வாய் புல், மறுபடி சொறிதல். உப்புத்தாளை மரத்தில் தேய்க்கிற மாதிரி அந்தச் சத்தம். ராத்திரி மேல் போர்ஷன்காரர் சத்தம் எனக்கு மறந்தே போயிற்று. இது மறக்கவில்லை.

வியாதி வேறொன்றும் இல்லை, சொறிதான். நமக்கு சிரங்கு தருகிற, தெருநாய்க்குச் சொறி பிடிக்க வைக்கிற அதே கண்ணுக்குத் தெரியாத பூச்சி. ஆஸ்திரேலியாவுக்கு அது சொந்தமில்லை. குடியேறிய வெள்ளைக்காரர்களும் அவர்கள் கூட்டி வந்த நாய்களும் கொண்டு வந்து சேர்த்தது என்றுதான் கருதுகிறார்கள். இப்போது அதே மாதிரி வெளியிலிருந்து வந்த நரிகளும் வாம்பட் வளைக்குள் புகுந்து பரப்புகின்றன. நாமாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பு வாங்குவோம். வாம்பட்டுக்கு நாளாக நாளாகக் கண் அடைந்து, காது அடைந்து, தின்பது போதாமல் பகலிலும் மேய்ந்து, கடைசியில் புண்ணில் சீழ் வைத்துச் செத்துப் போகும். மாசக் கணக்கில் அனுபவித்துச் சாகிற சாவு.

அன்று சாயங்காலம் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார். எழுபது வயசு, மாட்டுப் பண்ணை, தொப்பியைக் கழற்றினால் தலையில் அதற்கென்று ஒரு வரம்பு. வராந்தாவில் நின்றபடியே விஷயத்துக்கு வந்தார்.

"நானும் பாத்தேன். துப்பாக்கி கார்ல இருக்கு. ஒரு நிமிஷ வேலை. அது படற பாட்டுக்கு அதுதான் கருணை."

அண்ணி டீ கோப்பையை அவர் கையில் கொடுத்தார். "நடக்கறார், சாப்பிடறார். இன்னும் நேரம் இருக்கு. முயற்சி பண்ணிப் பாத்துட்டு முடியலேன்னா நானே உங்களைக் கூப்பிடறேன்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு டீயைக் குடித்தார். அவர் சொன்னது ராட்சசத்தனம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வியாதி முற்றிவிட்டால் மிருக டாக்டர்களே அதைத்தான் செய்வார்கள்.

அண்ணி ஏன் இத்தனை பிடிவாதம் என்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் சொன்னார். 2019 நவம்பர் கடைசி. மேற்கே டல்லகாண்டா காட்டில் தீ. கிழக்கே கடலோரப் பக்கம் கரோவான் தீ. அது ஒன்று மட்டும் 74 நாள் எரிந்து ஐந்து லட்சம் ஹெக்டேரை நெருங்கியது. நடுவில் பிரெய்ட்வுட். இவர்கள் பாஸ்போர்ட், தாலிக்கொடி, பெரியப்பா போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு கான்பெராவுக்கு ஓடினார்கள். அந்தக் கோடையில் தேசம் முழுக்கச் செத்தும் இடம் பெயர்ந்தும் பாதிக்கப்பட்ட விலங்குகள் கிட்டத்தட்ட 300 கோடி. அதில் பாலூட்டிகள் மட்டும் 14 கோடிக்கு மேல்.

"திரும்பி வந்தப்ப வீடு நின்னுது. மத்ததெல்லாம் கரி. காத்து அடிச்சா சாம்பல் பறக்குது, ஒரு பறவைச் சத்தம் இல்ல. உங்க அண்ணி அழல, பேசல. நேரா சரிவுல இருந்த வளைக்குப் போனா. வாசல்ல சாம்பல் மேல தடம். வாம்பட் தடம் மட்டும் இல்லடா. வாலபி தடம், எக்கிட்னா தடம், எலி மாதிரி குட்டிக் குட்டித் தடம். எல்லாம் உள்ளேர்ந்து வெளியில வந்த தடம்."

அப்போது சோஷியல் மீடியாவில் ஒரு கதை ஓடியது, நீங்களும் ஃபார்வர்டு பண்ணியிருப்பீர்கள். வாம்பட் மற்ற மிருகங்களை ஓட்டிக்கொண்டு போய்த் தன் வளையில் பத்திரமாக வைத்தது என்று. அது சுத்த கப்ஸா. வாம்பட் யாரையும் 'வாங்கோ' என்று கூப்பிடுவதில்லை. ஆனால் ஒரே வாம்பட்டுக்கு ஏழெட்டு வளை இருக்கும், பல மீட்டர் நீளம் போகும். காலியாக இருக்கிற வளை ஒரு சத்திரம். பின்னால் ஆராய்ச்சியாளர்கள் தீயில் எரிந்த நியூ சவுத் வேல்ஸ் காடுகளில் வளை வாசலில் கேமரா வைத்துப் பார்த்து, ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் வந்து போவதை 2024-ல் எழுதினார்கள். சொறிப் பூச்சி தொற்றுவதும் இதே சத்திரத்தில்தான். ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கிற வளைக்குள் பூச்சி நாள் கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

மறுநாள் ஆபரேஷன் ஆரம்பம். அண்ணி காட்டு விலங்கு மீட்புக் குழு ஒன்றில் பயிற்சி எடுத்தவர், மருந்து வைக்க முறைப்படி அனுமதி உண்டு. மருந்தின் பேர் மாக்ஸிடெக்டின். மாட்டின் முதுகில் பூச்சிக்காக ஊற்றுகிற அதே மருந்து. வாம்பட்டை மடக்கிப் பிடித்து ஊற்ற முடியாது, கையை ஒடித்துவிடும். அதனால் ஒரு தந்திரம். வளை வாசலில் கம்பி வளைத்து நட்டு, ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை வாசல் தட்டி மாதிரி தொங்கவிட வேண்டும். மேலே சின்ன மூடியில் அளந்த மருந்து. ஆசாமி தட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது மூடி கவிழ்ந்து முதுகில் அபிஷேகம். வாரம் ஒரு முறை, இப்படிப் பல வாரம். விண்வெளிக்கு ராக்கெட் விடுகிற காலத்தில் ஒரு உயிர் ஐஸ்கிரீம் மூடியை நம்பியிருக்கிறது!

எந்த வளையில் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? வாசலில் குச்சிகளை நட்டு வைத்துவிட்டு வந்தோம். காலையில் மூன்று வளைகளில் குச்சி சாய்ந்திருந்தது. மூன்றிலும் தட்டி, மூன்றிலும் கேமரா. மருந்து ஊற்றுகிற பொறுப்பு அண்ணிக்கு. கேமரா கார்டு மாற்றுகிற பொறுப்பு எனக்கு.

தினமும் காலையில் காபியோடு கம்ப்யூட்டரில் முந்தின ராத்திரிப் படம் பார்ப்பது எங்களுக்குப் பேப்பர் படிப்பது மாதிரி ஆனது. முதல் ராத்திரி ரிலீஸ்: ஒரு பாஸம் வந்து தட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு பாண்டிகூட் மூக்கால் மண்ணைக் கிளறியது. இந்தப் பேரே நம்ம பக்கத்துப் பேர்தான். தெலுங்கில் பெருச்சாளிக்கு 'பந்திக்கொக்கு', அதாவது பன்றி எலி. வெள்ளைக்காரன் அதை பாண்டிகூட் ஆக்கி, ஆஸ்திரேலியாவில் சம்பந்தமே இல்லாத இந்தப் பைப் பிராணிக்கு வைத்துவிட்டான். பிள்ளையார் வாகனத்தின் பேர் நமக்கு முன்னாலேயே விசா வாங்கியிருக்கிறது.

அப்புறம் ஒரு சுண்டெலி சைஸ் ஆசாமி குறுக்கே பாய்ந்தான். "ஆன்டிகைனஸ்" என்றார் அண்ணி. "ஆணா இருந்தா பாவம். இந்த மாசத்தோட சரி."

"ஏன்?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். விஷயம் இதுதான்: குளிர்காலக் கடைசியில் இரண்டு மூன்று வாரம் அவர்களுக்குக் கல்யாண சீசன். அந்த நாளில் ஆண் சரியாகச் சாப்பிடாது, தூங்காது, துணை தேடுவது ஒன்றே வேலை. உடம்பில் பரபரப்புக்கான ஹார்மோன் ஏறி, எதிர்ப்பு சக்தி தீர்ந்து, சீசன் முடிகிறபோது அத்தனை ஆணும் காலி! வயசு ஒன்றுகூட முடிந்திருக்காது. அடுத்த தலைமுறை பிறக்கும் வரை காட்டில் ஒரு ஆண்கூட இருக்காது. மார்ச் மாசக் கணக்கு முடிக்கும்போது நம் ஆபீசில் நாலு பேர் அந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள், காரணம் மட்டும் வேறு.

படம் எல்லாம் பிரமாதம். தாசில்தாரை மட்டும் காணோம்.

இரண்டாவது ராத்திரி ஒரு வாலபி வந்து தட்டியை மூக்கால் தள்ள, மருந்து அத்தனையும் மண்ணில். மூன்றாவது நாள் பட்டப்பகலில் ஒரு எக்கிட்னா. உடம்பெல்லாம் முள், முட்டை போட்டுப் பால் கொடுக்கிற விசித்திரம். பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் நாலு, ரேஷன் கடை க்யூ மாதிரி. முதலில் போவது பெண், பின்னால் வருவது எல்லாம் மாப்பிள்ளைகள். வாரக் கணக்கில் இப்படியே நடப்பார்களாம். நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. "மூணு நாள் ஆச்சு தம்பி" என்றார்.

அன்று பகலில் தாசில்தார் மேய்வதைப் பார்த்தோம். அப்படியென்றால் எங்கிருந்து வெளியே வருகிறார்? தேடிப் போனதில், ஓடைக் கரையில் நாலாவதாக ஒரு வளை. எங்கள் மூன்று கவுன்டரையும் விட்டுவிட்டு நாலாவது கவுன்டரில் வேலை பார்த்திருக்கிறார்! அண்ணி குனிந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீங்க பவுடர் போட்டுக்கறீங்களா?"

ஹி... ஹி... சந்தன வாசனை. முகத்துக்கும் கழுத்துக்கும், குளிர் என்பதால் கொஞ்சம் தாராளமாக. தினமும் கார்டு மாற்றுகிறேன் என்று மூன்று வளை வாசலிலும் உட்கார்ந்து எழுந்தவன் நான்தான். கண்ணும் காதும் அடைந்தவருக்கு மிச்சம் இருந்தது மூக்கு ஒன்று. அதையும் நான் விட்டு வைக்கவில்லை. அவர் வராமல் போனதற்கு அதுதான் காரணம் என்று அண்ணி சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றோடு பவுடர் டப்பாவைப் பெட்டியின் அடியில் போட்டேன்.

நாலாவது வளை வாசல் அகலம், எங்களிடம் இருந்த கம்பி போதவில்லை. சாயங்காலம் பண்ணைக்காரர் கார் வந்து நின்றது. எனக்கு பகீர் என்றது. பின்பக்கத்தைத் திறந்து அவர் எடுத்தது ஒரு கட்டு வேலிக் கம்பியும் குறடும். ஓடைக் கரையில் முழங்காலிட்டு, தட்டி ஆடாமல் அசையாமல் நிற்கிற மாதிரி அரை மணியில் கட்டிக் கொடுத்தார். "என் ஷெட்டுல இந்த மருந்து இருபது லிட்டர் கேன்ல இருக்கு. தீர்ந்தா சொல்லுங்க" என்றார் போகும்போது. துப்பாக்கிப் பேச்சே எடுக்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அண்ணனோடு டார்ச் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனேன். டல்லகாண்டா பக்கத்துச் சரிவில் தீ தொடாமல் விட்ட பெரிய மரங்கள் கொஞ்சம் இருந்தன. உச்சியில் இரண்டு கண்கள் நெருப்புப் பொட்டு மாதிரி மின்னின. கிரேட்டர் கிளைடர். கைக்கும் காலுக்கும் நடுவில் சவ்வு விரித்து மரத்துக்கு மரம் நூறு மீட்டர் வரை மிதந்து போகக் கூடியது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒன்று சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேலே போனது, யாரோ கறுப்புத் துண்டை உதறி வீசின மாதிரி. இதுவும் 2022-லிருந்து அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. இலை தின்று பொந்தில் தூங்கும். அப்படிப்பட்ட பொந்து விழ மரத்துக்கு நூறு வயசாவது ஆக வேண்டும்.

"பத்திரத்துல அறுபது ஏக்கரும் என் பேர்ல இருக்குடா" என்றார் அண்ணன், இருட்டில் நடந்துகொண்டே. "ஆனா எங்க ஒரு பட்ட மரத்தை வெட்டப் போனாலும் உள்ள ஒருத்தன் குடி இருக்கான்."

"அப்ப சரியான வில்லங்கம் பிடிச்ச நிலம்தான்" என்றேன்.

ஐந்தாம் நாள் காலை. கார்டை எடுக்கக் கையுறையோடு போனேன், குளிக்கக்கூட இல்லை. தட்டி ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மூடி கவிழ்ந்திருந்தது. அடியில் மண் காய்ந்தே இருந்தது, மருந்து கீழே கொட்டவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து கம்ப்யூட்டரில் போட்டோம். பத்தரை மணி: ஒன்றுமில்லை. பதினொன்றே கால்: ஒரு பாஸம். பன்னிரண்டு நாற்பது: ஐஸ்கிரீம் மூடியின் கீழே ஒரு பொருக்குத் தட்டிய மூக்கு. அடுத்த படம்: தலை. அடுத்தது: விலா வரை வெளியே, முதுகில் ஈரம் பளபளக்கிறது.

அண்ணி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் இன்னொரு டிகாஷன் போட்டார்.

மிச்ச நாட்களில் ஷோல்ஹேவன் ஆற்றுப் பக்கம் போய் ஒரு பிளாட்டிபஸை இரண்டு நிமிஷம் பார்த்தேன், தண்ணீரில் ஒரு வளையமும் பழுப்பு முதுகும். 1799-ல் இதன் தோலை லண்டனில் பார்த்த விஞ்ஞானி, யாரோ வாத்து மூக்கைத் தைத்து ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டாராம். நேரில் பார்த்தபோது எனக்கும் அதே சந்தேகம்தான். கிளம்புகிற அன்று அவசர அவசரமாகப் பெட்டி கட்டினேன். பவுடர் டப்பாவை அண்ணியே எடுத்துக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

சென்னைக்கு வந்து பழைய வேலை, பழைய மேனேஜர். ஆனால் திங்கள்கிழமை காலையில் மட்டும் வாட்ஸ்அப்பை முதலில் பார்ப்பேன். 'மூணாவது டோஸ் போட்டாச்சு.' 'இந்த வாரம் வரல.' 'மறுபடி வந்தார்.' ஒரு வாரம் படம் மட்டும் வந்தது, கண் இன்னும் பாதி மூடி. செப்டம்பரில் பதினெட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. கேட்கவும் எனக்கு தைரியம் வரவில்லை. அக்டோபரில் ஒரு படம்: விலாவில் பாளம் உதிர்ந்த இடத்தில் புதுசாகப் பொடி ரோமம், மொட்டை போட்ட குழந்தைத் தலை மாதிரி. ராத்திரி எட்டு மணிக்கு எடுத்த படம். பகலில் இல்லை.

டிசம்பர் முதல் வாரம் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். போன் அதிர்ந்தது. அண்ணி அனுப்பிய போட்டோ. வராந்தா ஓரத்தில் நான் மறந்து விட்டுவிட்டு வந்த ஹவாய் செருப்பு. இடது காலின் மேல், நட்ட நடுவில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மூன்று சதுரக் கட்டி.

கீழே ஒரு வரி: 'தம்பி, தாசில்தார் கேம்ப் வந்துட்டுப் போனார்.'